நமக்கொரு திட்டம் இல்லாவிட்டால் தரகர் போடுவதே திட்டம்



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தோம். மாடு வாங்க, கடை வைக்க என்று கேட்டவர்களுக்குச் சமமாக, மனை வாங்கக் கேட்டவர்களும் இருந்தார்கள். சந்தோஷம்தான். சொந்தமாக ஒரு துண்டு இடம் வேண்டும், அதுவும் நம் பேரில் வேண்டும் என்று நாம் நினைப்பது பெரிய விஷயம். ஆனால் "எந்த இடம்? என்ன அப்ரூவல்? தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்டபோது பலரிடம் பதில் இல்லை. "தரகர் எல்லாம் பாத்துக்குவாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த இதழில் மனையைப் பற்றி எழுதுகிறோம்.

மூன்று சென்ட் கதை

நம் குழுக்களில் ஒரு அக்கா இருக்கிறார். பேர் வேண்டாம். 2013-ல் சீட்டுப் பணம், நகை அடகு, குழுக்கடன் எல்லாம் சேர்த்து மூன்று சென்ட் மனை வாங்கினார். அதற்கு முந்தைய வருஷம்வரை சம்பா நட்ட வயல் அது. கிராவல் அடித்து மேடாக்கி, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டியிருந்தார்கள். கையில் கொடுத்த வரைபடத்தில் அகலமான ரோடு இருந்தது, பூங்கா இருந்தது, பஞ்சாயத்து முத்திரையும் இருந்தது. அக்கா முத்திரையைப் பார்த்து நம்பிவிட்டார்.

2016 கடைசியில் பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மனையை விற்கலாம் என்று போனால், பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் தடை தளர்ந்ததும் பக்கத்து மனைக்காரர்கள் சிலர் விற்றார்கள். அக்காவால் அப்போதும் விற்க முடியவில்லை. ஏனென்றால் அவர் பத்திரத்தில் 'மனை' என்ற சொல்லே இல்லை. 'நன்செய் 3 சென்ட்' என்று எழுதியிருந்தது. பாங்க்கிலும் கடன் இல்லை என்றார்கள். ஐப்பசி அடைமழையில் அங்கே முழங்கால் தண்ணீர் நின்றது வேறு கதை.

அக்கா ஏமாளி இல்லை. பத்து வருஷம் குழுக் கணக்கு எழுதியவர். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

2016-ல் என்ன நடந்தது?

எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் விவசாயம் மட்டும், எங்கே தொழிற்சாலை என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதற்குத் தமிழ்நாட்டில் 1971-லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்த வேலையைப் பார்ப்பது நகர் ஊரமைப்பு இயக்ககம். நாம் 'டி.டி.சி.பி.' என்று சொல்வது இதைத்தான். ஊராட்சி எல்லைக்குள் ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிக்க வேண்டுமானாலும் முதலில் இவர்களுடைய தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊராட்சி அனுமதி கொடுக்கலாம்.

நடந்தது வேறு. முதல் படியைத் தாண்டிக் குதித்து, ஊராட்சி முத்திரை மட்டும் குத்தி 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று விற்றார்கள். அப்ரூவல் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டாயம் பதிவு அலுவலகத்துக்கும் அப்போது இல்லை. முத்திரைத்தாள் சரியாக இருந்தால் பத்திரம் பதிந்துவிடும். இப்படியே மாநிலம் முழுக்க வயலும் தோப்பும் மனையாயின.

இதை எதிர்த்து வந்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ந் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று தடை போட்டது. அதே வருஷம் அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவாளர் பதிய மறுக்க வேண்டும் என்பது இதன் சாரம். ஏற்கெனவே 'வீட்டு மனை' என்று பதிவான இடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அக்காவுடைய பத்திரம் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் பதிந்து விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. வாய்க்கால், ஏரி, குளம், புறம்போக்கு ஆகியவற்றில் போட்ட மனைக்கு இந்தச் சலுகை கிடையாது.

அக்காவும் கட்டணம் கட்டி, பல நாள் கூலி விட்டு அலைந்து, தாளைச் சரிசெய்துகொண்டார். ஆனால் வரன்முறை தாளைத்தான் சரிசெய்யும். மூடிப்போன வடிகாலைச் சரிசெய்யாது. அந்த மனையில் இப்பவும் தண்ணீர் நிற்கிறது.

ஒரு பெரிய திட்டம் ரத்தானது

இது ஒரு மனையின் கதை. நம் டெல்டா முழுவதையும் தொட்ட இன்னொரு கதையும் இருக்கிறது.

2017 ஜூலையில் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்களை, 57,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, பெட்ரோலியம் ரசாயனம் பெட்ரோ ரசாயன முதலீட்டு மண்டலம் என்று அரசு அறிவித்தது. சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கத்துக் கிராமங்களும் அதில் இருந்தன. (இவை இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளன.) நிலம் போய்விடுமோ, குடிதண்ணீர் கெட்டுவிடுமோ என்று விவசாயிகளும் மீனவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்த மண்டல அறிவிப்பு ரத்தானது. அதே மாதம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூரில் 5 ஒன்றியங்களும், புதுக்கோட்டையில் 5 ஒன்றியங்களும் இதற்குள் வந்தன.

இது நல்ல செய்தி. ஆனால் சட்டத்தில் எதற்குத் தடை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எண்ணெய், எரிவாயு தேடும் புதிய கிணறுகள், தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை, இரும்பு எஃகு ஆலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, கப்பல் உடைக்கும் தொழில் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. வீட்டு மனை அதில் இல்லை!

அதாவது நம் வயலில் எண்ணெய்க் கிணறு தோண்ட இந்தச் சட்டம் விடாது. அதே வயலில் கிராவல் கொட்டி மனை போடுவதை இந்தச் சட்டம் தடுக்காது. அதற்கு நகர் ஊரமைப்பு விதிகள்தான் காவல். அந்த விதி ஊருக்குள் யாருக்கும் தெரியாவிட்டால் காவலும் இல்லை.

மேலிருந்து வந்த ஒரு திட்டம் போனது. அந்த இடத்தில் 'எங்கே வீடு, எங்கே வயல், எங்கே வடிகால்' என்று நாமே உட்கார்ந்து பேசிய ஒரு திட்டம் வந்ததா? பெரும்பாலான ஊர்களில் வரவில்லை. அந்தக் காலி இடத்தில் தரகர் வந்து கல் நடுகிறார்.

வெளிநாட்டிலும் இதே கேள்வி

எங்கே வீடு கட்டுவது என்பதை யார் தீர்மானிப்பது என்ற சண்டை நமக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை வீடு கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் வட்டாரத் திட்டங்கள் இருந்தன. 2010-ல் வந்த புது அரசு லண்டன் நீங்கலாக மற்ற வட்டாரங்களில் அவற்றை ஒழிப்பதாக அறிவித்தது. 2011-ல் அதற்குச் சட்டமும் வந்தது. இனி உள்ளூர் மன்றங்களே முடிவு செய்யட்டும் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் பல மன்றங்கள் தாங்கள் கட்ட வேண்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டன. வீடு வைத்திருந்தவர்களுக்குப் பக்கத்தில் புது வீடு வருவதில் விருப்பம் இல்லை. வீடு இல்லாதவர்களின் குரல் அந்தக் கூட்டங்களில் கேட்கவில்லை.

அங்கே திட்டம் போனதும் கட்ட வேண்டிய வீடுகளின் கணக்கு குறைந்தது. இங்கே திட்டம் இல்லாததால் வீடு தப்பான இடத்தில் வருகிறது. இரண்டு இடத்திலும் அடி விழுவது ஒரே ஆளுக்குத்தான்: சொந்த வீடு இல்லாத ஏழைக்கு.

ஒரு வயல் மேடானால் என்ன ஆகும்?

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நடவு நட்ட காலுக்குத் தெரியும்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அங்கிருந்து கிளை ஆறு, வாய்க்கால், கண்ணி வாய்க்கால் என்று நம் வயலுக்கு வருகிறது. பல இடங்களில் வாய்க்கால் எல்லா வயலையும் தொடுவதில்லை. மேல் வயல் நிரம்பி, மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் வடிவதும் அதே வழிதான்.

நடுவில் ஒரு வயலைத் தூர்த்து மேடாக்கிவிட்டால், குறுவைக்குக் கீழ் வயலுக்குத் தண்ணீர் வராது. ஐப்பசி, கார்த்திகையில் மேல் வயல் வடியாமல் பயிர் அழுகும். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, "இனி இது விளையாது" என்று அவர்களும் அதே தரகரிடம் போவார்கள். இப்படி ஒரு மனைப்பிரிவு பக்கத்து வயல்களையும் சேர்த்து விழுங்கும். ஒரு மா வயல் போனால் அந்த ஒரு மாவின் நடவும் களையும் அறுப்பும் போச்சு. அந்தக் கூலி நம் கூலி.

நம் பழைய ஊர்களைப் பாருங்கள். தெருக்கள் எல்லாம் மேட்டில், திடலில் இருக்கும். வயல் பள்ளத்தில் இருக்கும். தண்ணீர் போகும் வழி தெரிந்து வைத்த ஊர் அது. புது மனை பள்ளத்தில் வருகிறது. அதனால்தான் புது வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது.

அப்ரூவல் இல்லாத மனை ஏன் மலிவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்ம பக்கத்துக் கணக்கில் ஒரு மா என்பது 100 குழி. குழிக்கு 144 சதுர அடி. மொத்தம் 14,400 சதுர அடி. இதை 1,200 சதுர அடி மனையாக வெட்டினால் சரியாக 12 மனை. ஆனால் ரோட்டுக்கு ஒரு அடிகூட மிச்சம் இல்லை, சாக்கடைக்கும் இல்லை. முறைப்படி மனை பிரிக்கிறவர் ரோட்டுக்கு இடம் விட்டாக வேண்டும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆக, மலிவு மனை என்றால் நம் ரோட்டையும் சாக்கடையையும் சேர்த்து நமக்கே விற்கிறார்கள் என்று அர்த்தம்.

பட்டா ஏன் இவ்வளவு முக்கியம்?

1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம் நம் பாட்டிமார் காலத்தில் பெரிய மாற்றம் செய்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்தக் குடியிருப்பு இடத்தைச் சொந்தமாக்கியது. 'எப்ப வெளியே போகச் சொல்வாங்களோ' என்ற பயம் போனது. ஒரு துண்டுத் தாளுக்கு அவ்வளவு பலம்.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் குடிசைகளைப் பிய்த்துப் போட்டதை மறக்க முடியாது. கான்கிரீட் வீடு வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் அரசு வீட்டுக்கும் முதலில் இடத்தின் தாள் வேண்டும். பிரதமர் கிராம வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் அடிப்படைத் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம். பட்டா குழப்பமாக இருந்தால் பட்டியலில் பேர் வந்தும் வீடு வராமல் போகலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

1. அப்ரூவல் எண்: 'அப்ரூவல் இருக்கு' என்ற வாய்ப்பேச்சு போதாது. நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண், தேதியுடன் வரைபட நகல் கேளுங்கள். அந்த நகலோடு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

2. ரெரா பதிவு: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 மனைக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும்.

3. பட்டா, சிட்டா, அ-பதிவேடு: நிலம் யார் பேரில், நஞ்சையா புஞ்சையா நத்தமா என்று இதில் தெரியும். இ-சேவை மையத்தில் எடுக்கலாம். நஞ்சை என்றால், மனையாக மாற்ற உத்தரவு உண்டா என்று கேளுங்கள்.

4. வில்லங்கச் சான்று: 30 வருஷத்துக்குப் பாருங்கள். அடமானம், பாகப்பிரிவினை வழக்கு இருந்தால் தெரிந்தவரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள்.

5. புலப்படம்: சர்வே எண்ணின் அளவுப்படம் இது. மனைக்குள் அல்லது பக்கத்தில் வாய்க்கால் கோடு ஓடுகிறதா பாருங்கள். படத்தில் வாய்க்கால் இருந்து தரையில் இல்லை என்றால், யாரோ தூர்த்திருக்கிறார்கள்.

6. பத்திரத்தின் சொத்து விவரம்: 'வீட்டு மனை' என்று, மனை எண்ணோடு இருக்க வேண்டும். செலவு குறையும் என்று 'நன்செய்' என எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

7. மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள்: கோடையில் எல்லா மனையும் மேடுதான். கார்த்திகையில் போங்கள். பக்கத்து வயலில் வேலை செய்யும் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வது எந்தச் சான்றிதழையும்விட உறுதி.

8. உங்கள் பேரில் பதியுங்கள்: 10 லட்சம் ரூபாய்க்குள்ளான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கும் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் வந்தது.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு

பயப்பட வேண்டாம். முதலில் பத்திரத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிந்ததா? அந்த மனைப்பிரிவு வரன்முறை ஆகியிருக்கிறதா என்று ஊராட்சியிலோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ கேளுங்கள். ஆகவில்லை என்றால் மனைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போங்கள். விண்ணப்பக் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய தேதியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வெட்டிய அங்கீகாரமில்லாத மனை என்றால் இந்தச் சலுகை கிடையாது. "பின்னாடி வரன்முறை பண்ணிக்கலாம்" என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே குடிசையில் மூன்று குடும்பம் இருக்கிற கஷ்டம் நமக்குத் தெரியும். மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல், நடுவில் தண்ணீருக்கு வழி. இதைத்தான் கேட்கிறோம்.

ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு சேர்க்க, வறுமைக் குறைப்புத் திட்டம் என்று ஒன்றை நம் குழுக்கள்தான் தயாரித்துக் கொடுக்கின்றன. அதில் தனிக்கடன், ஆடு மாடு என்று எழுதி முடித்துவிடாதீர்கள். மனை இல்லாத குடும்பங்களின் பட்டியலை எழுதுங்கள். ஊரில் மேடான நத்தம், திடல் எங்கே காலியாக இருக்கிறது என்று எழுதுங்கள். தூர்ந்த வடிகால்களைப் பேர் சொல்லி எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் கிராம சபை நாட்கள். தீர்மானம் ஏட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்து, தரையில் உங்கள் ஊரை வரையுங்கள். ஆறு, வாய்க்கால், வடிகால், தெரு, புதுசாகக் கல் நட்ட இடம் எல்லாம் வரையட்டும். படிக்கத் தெரியாதவரும் வரைவார். கடைசியில் ஒரு கேள்வி: போன மழையில் தண்ணீர் எங்கே நின்றது? அந்த இடத்தில் மனை வாங்க யாராவது கடன் கேட்டால், கொடுப்பதற்கு முன் அவரை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

நம் அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தன் பத்திரத்தை எடுத்து வந்து காட்டுவாராம்.